தானே சாப்பிடுவான்

போன் அதிர்ந்தபோது அவள் ஒன்பதாவது பல்லை நட்டுக்கொண்டிருந்தாள். எதிரே யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடை பிளாஸ்டர் அச்சாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகை வரப்பு கட்டுவதுபோல் ஏற்றி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, மேல்தாடையோடு கடிக்கவிட்டுப் பார்த்து, அரை மில்லிமீட்டர் இப்படி, கால் மில்லிமீட்டர் அப்படி என்று நகர்த்திக்கொண்டு வந்தாள். இன்னும் ஐந்து பல் நட்டால் பெரியவர் அடுத்த வாரம் ஆப்பிள் கடிக்கலாம். மணி பன்னிரண்டு இருபது. போனில் தெரிந்தது பாலர் பள்ளியின் எண். அந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

எடுப்பதற்கு முன்பே சேதி தெரியும். இருந்தாலும் எடுத்தாள். பாலர் பள்ளியின் பொறுப்பாளர் அம்மா வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். மகன் இன்றும் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, வாயையும் திறந்து வைத்துக்கொண்டு, கையை மடியில் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். யாரோ வருவார்கள் என்று காத்திருப்பதுபோல் இருக்கிறது. வெறும் வயிற்றோடு பிற்பகலுக்கு வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. வந்து அழைத்துப் போங்கள்.

யாரோ அல்ல, அவளுக்காகத்தான் காத்திருந்தான். நாலரை வயது. இருபது பல்லும் முத்து முத்தாக, ஒன்றில்கூடச் சொத்தை இல்லாமல், அச்செடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம்போல இருக்கும். ஆனால் தன் கையால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடத் தெரியாது. யாராவது ஊட்ட வேண்டும், ஊட்டும்போது கதை சொல்ல வேண்டும். கதை நின்றால் வாய் நிற்கும். வாயில் இருக்கும் சோற்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்பான். அதனால் வீட்டில் அவன் பெயர் அணில். ஊரில் இருக்கிற பொக்கை வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவள் வீட்டில், பல் இருக்கிறவன் மெல்ல மாட்டேன் என்கிறான். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அவள் ஏப்ரனைக் கழற்றியபோது பட்டறை முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு மனதுக்குள்ளாவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், அதற்கும் அவர் வழி வைக்கவில்லை. ஆறு வாரம் வேலை செய்யட்டும், கை எப்படி இருக்கிறது என்று பார்த்து நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறேன் என்பது அவர் பேச்சு. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. அதில் இது மூன்றாவது வாரம். கையில் குறையில்லை. ஆனால் அந்தக் கை பன்னிரண்டரைக்கு எழுந்து போய்விடுகிறது.

அந்த ஊரில் பல்செட் செய்யும் பட்டறை அது ஒன்றுதான். அங்கே, பழைய ஊரில், பதினோரு வருஷம் இதே வேலை. பல் டாக்டர்களையே போனில் மடக்கி, அளவு சரியாக எடுக்கவில்லை என்று திருப்பி அனுப்பியவள். இங்கே வந்த ஐந்து மாதத்தில் காய்கறிக் கடையில் வெங்காயத்தை விரலால் காட்டி வாங்கினாள். வாரத்தில் இரண்டு நாள் மாலை ஆறு மணிக்கு மொழி வகுப்புக்குப் போனாள். ரயில் நிலையத்துக்கு வழி கேட்கவும், மழை பெய்கிறது என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளை முழுங்க மாட்டேன் என்கிறான் என்ற பாடம் இன்னும் வரவில்லை. பட்டறை மேசையில் மட்டும் மொழி தேவைப்படவில்லை. எந்த நாட்டிலும் கடைவாய்ப்பல் கடைவாய்ப்பல்தான். அங்கே உட்கார்ந்த முதல் நாள்தான் தனக்கு இரண்டு கை இருப்பதே அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த மேசை போனால் மறுபடியும் வெங்காயம்தான்.

பாலர் பள்ளி வாசலில் பொறுப்பாளர் அம்மா ஒரு காகிதத்தோடு நின்றிருந்தார். இந்த மாதம் முடியும்வரை, அதாவது இன்னும் இரண்டு வாரம், பார்ப்போம் என்றார். அதற்குள் தானே சாப்பிடப் பழகாவிட்டால் அணிலுக்கு இனி அரைநாள் பள்ளிதான், பன்னிரண்டு மணிக்கு வந்து அழைத்துப் போய்விட வேண்டும். பிறகு காகிதத்தைக் காட்டினார். சேர்க்கும்போது கொடுத்த விண்ணப்பம். குழந்தை தானே சாப்பிடுமா என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று டிக் இருந்தது. கீழே அவள் கணவனின் கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு சுழியோடு.

அன்று மாலை கணவன் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். குடும்பத்துக்கு எட்டு மாதம் முன்னதாகவே வந்து இறங்கியவன் என்பதால் இந்த நாட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது அவன் எண்ணம்.

"ஃபாரத்துல இல்லைன்னு எழுதினா, அது ஏன் இல்லைன்னு இன்னொரு ஃபாரம் குடுப்பாங்க," என்றான் சாக்ஸைக் கழற்றியபடி. "ஆமான்னு போட்டா ஆளை விட்டுருவாங்க. அதான் எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

எல்லாவற்றுக்கும்தான். பதினான்கு கேள்வி, பதினான்கு ஆம். நாயைக் கண்டால் பயமா, ஆம். தூங்கும்போது படுக்கையை நனைக்கிற வழக்கம் உண்டா, ஆம். பள்ளியிலிருந்து ஏன் ரப்பர் விரிப்பு வாங்கி அனுப்பச் சொன்னார்கள் என்று அவள் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் விளங்கியது. படுக்கையை நனைப்பதை விட்டு இரண்டு வருஷம் ஆன பிள்ளை, பள்ளியில் தங்கிய மதியமெல்லாம் ரப்பர் விரிப்பில் படுத்து வியர்த்துவிட்டு வந்திருக்கிறான்.

சண்டை நீண்டது. அவன் சொன்னான், ஊட்டி ஊட்டிக் கெடுத்தது யார்? அவளுக்கு அங்கேதான் வலித்தது, ஏனென்றால் அது பொய்யில்லை. அங்கே இருந்தபோது காலையில் எட்டு மணிக்குள் பட்டறையில் இருக்க வேண்டும். தானே சாப்பிடவிட்டால் ஒரு மணி நேரம், ஊட்டினால் கதையோடு சேர்த்துப் பன்னிரண்டு நிமிஷம். பன்னிரண்டு நிமிஷமே லாபம் என்று ஊட்டினாள். இப்போது அதற்கு வட்டியும் முதலுமாகக் கேட்கிறான் அணில். பிள்ளை சாப்பிட்டால் வேலை, சாப்பிடாவிட்டால் வேலை இல்லை, இது உங்களுக்குப் புரிகிறதா இல்லையா என்று அவள் கேட்டபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஒன்பது வயது மகள் மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எதற்கும் எதிர்க்கேள்வி போடுவதால் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று வக்கீல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

அவள் எதையும் முறையாகச் செய்பவள். புது நோட்டு ஒன்றில் கட்டம் போட்டாள். திங்கள், ரொட்டித் துண்டைக் கையில் பிடிக்கப் பழக்குதல். செவ்வாய், தானே ஒரு கடி. புதன், மூன்று கடி. எழுதி முடித்ததும் புதனுக்கு மூன்று அதிகமோ என்று சந்தேகம் வந்து, அடித்துவிட்டு இரண்டாக்கினாள். மறுபடியும் யோசித்து, இரண்டு என்றால் மாதக் கடைசிக்குள் ஒரு முழு ரொட்டிக்கே வராதே என்று மூன்றாக்கினாள். அணில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்துக்குள் ஒரு வண்டி வரைந்து தரச் சொன்னான்.

மூன்றாம் மாடியில் ஒரு அக்கா இருந்தார். பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறவர். எதைக் கேட்டாலும், எங்க பிள்ளைங்க வந்தப்ப என்றுதான் தொடங்குவார். அணிலின் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரிசிரியென்று சிரித்தார்.

"ரெண்டு நாள் பட்டினி போடு. பசி வந்தா பத்தும் பறந்துபோகும்னு சும்மாவா சொன்னாங்க? பிடிவாதமும் பத்துல ஒண்ணுதான்."

சனிக்கிழமை காலை பட்டினி தொடங்கியது. ரொட்டியும் முட்டையும் மேசையில் இருந்தன. வேண்டுமென்றால் நீயே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அணில் பத்து மணிக்கு ஒரு தடவை வாயைத் திறந்தான். பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. ஒரு மணிக்கு நாற்காலியிலேயே சாய்ந்து படுத்தான், வாய் மட்டும் திறந்திருந்தது. அவள் கல்லாக நின்றாள். கணவன் பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்து, இதெல்லாம் பாவம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டு மணிக்கு, எப்படிப் போகிறது என்று பார்க்க மூன்றாம் மாடி அக்கா இறங்கி வந்தார். வந்தவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பச்சப்புள்ளையை இப்படிப் போட்டு வதைக்கிறியே, உனக்கு மனசு வருதா?" என்றார். சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முட்டையைப் பிட்டு ஊட்டத் தொடங்கிவிட்டார். அணில் ஒன்றரை முட்டை சாப்பிட்டான். நல்ல பிள்ளைம்மா, ஒரு தொந்தரவும் இல்லையே என்று சொல்லிவிட்டு அக்கா மாடிக்குப் போனார். அவள் நோட்டை எடுத்து, சனி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவைத்தாள்.

திங்கட்கிழமை மறுபடியும் போன். மறுபடியும் கடிகாரம். அன்று மாலை மொழி வகுப்பு முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பினால், கணவன் ஒரு கையில் போனில் வீடியோவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அணிலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையை மட்டும் கீழே இறக்கினான். ஏதோ வேலியைத் தாண்டும்போது பிடிபட்டவனைப் போல. அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. தலையணை உறை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய் ஐந்து நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாவிட்டால் சாணையில் தேய்த்துச் சரிசெய்யலாம். இந்த வீட்டில் யாரை எங்கே தேய்ப்பது?

செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை.

மணி பன்னிரண்டரை ஆயிற்று, ஒன்று ஆயிற்று. போன் கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். மாலையில் அணிலின் டப்பா காலியாக இருந்தது. கவிழ்த்துப் பார்த்தாள். ரொட்டித் தூள்கூட இல்லை. குப்பையில் போட்டானோ என்று பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்கலாமா என்று நினைத்து, கேட்பதற்கான வாக்கியம் வராததால் விட்டுவிட்டாள். புதனும் காலி. வியாழனும் காலி. நோட்டில் மூன்று கடி என்று எழுதியிருந்த இடத்தில் முழு டப்பா என்று எழுதி அடிக்கோடு போட்டாள். கணவன், நான் அன்னைக்கே சொன்னேன்ல, தானா வரும்னு என்றான். அவன் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை. மாடி அக்கா, எல்லாம் அந்தப் பட்டினி செஞ்ச வேலை என்றார். வெள்ளிக்கிழமை அவள் ஒரே மூச்சில் இரண்டு பல்செட் முடித்து வைத்தாள். முதலாளி அவற்றை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கள் காலை, இருவரும் மாலை நாலரைக்கு வர வேண்டும் என்று பள்ளியிலிருந்து சேதி வந்தது.

பாலர் பள்ளியில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன நாற்காலிகள்தான். அதில் ஒன்றில் கணவன் இடுப்பில் கருவிப் பையோடு உட்கார்ந்தபோது முட்டி இரண்டும் காதுக்கு வந்துவிட்டன. எதிரே பொறுப்பாளர் அம்மா, பக்கத்தில் ஓர் இளம் ஆசிரியை. பேச்சு அணிலைப் பற்றி இல்லை. வக்கீலைப் பற்றி.

பெரிய பள்ளியும் பாலர் பள்ளியும் ஒரே வளாகம்தான், நடுவில் ஒரு சுவர். சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் அறையின் ஜன்னல் பெரிய பிள்ளைகளின் விளையாட்டுத் திடலைப் பார்த்தபடி இருந்தது. உங்கள் மகள் செவ்வாயிலிருந்து மதிய இடைவேளையில் திடலில் இல்லை என்றார் பொறுப்பாளர் அம்மா. அவள் இந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள். மீதியைச் சொல்ல, இவர்களுக்கு மொழி போதாது என்று நினைத்தோ என்னவோ, இளம் ஆசிரியை எழுந்து நடித்தே காட்டினார். ஜன்னலுக்கு வெளியே நின்று கையை உள்ளே நீட்டினார். ஒரு வாய். பிறகு இரண்டு கையையும் முதலையின் வாய்போலத் திறந்து மூடி, கண்ணை உருட்டினார். இன்னொரு வாய். பிறகு இந்தப் பக்கம் வந்து, வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகளாக மாறினார். ஒருவன் இல்லை, நாலு பேர். முதல் நாள் அணில் மட்டும். இரண்டாம் நாள் பக்கத்தில் இருந்த பையனும் வாயைத் திறந்தான். வெள்ளிக்கிழமை நாலு பிள்ளைகள், தங்கள் டப்பாக்களை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, குருவிக்குஞ்சுகளைப்போல நின்றிருக்கிறார்கள். தாங்களே சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள்.

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் முட்டிகளுக்கு நடுவே முகத்தைக் கவிழ்த்திருந்தான்.

பொறுப்பாளர் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் சாப்பாட்டை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று யாருக்குத் தெரியும் என்றார். நியாயம்தான். மகள் இனி அந்த ஜன்னல் பக்கம் வரக் கூடாது. அணிலுக்கு இதுதான் கடைசி வாரம். ஒன்று மட்டும் செய்யலாம். பெற்றோரில் ஒருவர் இந்த வாரம் தினமும் பன்னிரண்டு மணிக்கு வந்து, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கலாம். யார் வருவீர்கள்?

கேட்டது பொறுப்பாளர் அம்மாதான். ஆனால் கணவனின் பார்வை இயல்பாக, தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல், அவள் பக்கம் போனது. பொறுப்பாளர் அம்மாவும் அவளைத்தான் பார்த்தார். ஐந்து மாதமாக எல்லா இடத்திலும் வாக்கியத்தை மனதுக்குள் மூன்று தடவை ஒத்திகை பார்த்துவிட்டுப் பேசியவள், அன்று ஒத்திகை இல்லாமல் புது மொழியில் சொன்னாள்: இவர் வருவார்.

வெளியே வந்ததும் கணவன் பிடித்துக்கொண்டான். வேலை நேரத்தில் எப்படி வருவது, ஆபீஸில் என்ன சொல்வது, கூட வேலை செய்கிறவன் கேட்டால் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போறேன் என்றா சொல்வது என்று வண்டி நிறுத்தம்வரை அடுக்கிக்கொண்டே வந்தான். கடைசியாக, தன் கையில் இருந்த பெரிய சீட்டை இறக்கினான்.

"லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா என்ன பண்றது? சொல்லு."

"அரை மணி நேரம் மாட்டிக்கிட்டு இருக்கட்டும்," என்றாள் அவள். "நான் அஞ்சு மாசமா மாட்டிக்கிட்டு இருக்கேன். எந்த மெக்கானிக் வந்தான்?"

அவன் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தான். பிறகு கதவைத் திறந்தான்.

வீட்டில் வக்கீல் தன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சேதி அவளுக்கு முன்பே எட்டிவிட்டது. அவளைத் திட்டுவதற்காகத்தான் தாய் உள்ளே போனாள். யாரைக் கேட்டு இதைச் செய்தாய் என்றுதான் ஆரம்பித்தாள்.

"அவன் சாப்பிட்டாத்தான் உனக்கு வேலைன்னு நீதானே சொன்ன," என்றாள் வக்கீல். "சண்டை போட்டப்ப. நான் என்ன செவிடா?"

"அப்ப நீ எப்படிச் சாப்பிட்ட?"

"அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்."

"உன் கிளாஸ் பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிடலாமில்ல?"

"உட்கார்ந்து?"

அந்த ஒரு சொல் போதும், தாய்க்கு விளங்கிவிட்டது. உட்கார்ந்து என்ன செய்வது, யாரிடம் என்ன பேசுவது, எந்தச் சொல்லால்? நோட்டில் அணிலுக்கு மட்டும் பதினேழு கட்டம் போட்டிருந்தாள். இவள் பெயருக்கு ஒரு கட்டம்கூட இல்லை. மகள் பல் துலக்கினாள், டப்பாவைக் கழுவினாள், வீட்டுப்பாடம் எழுதினாள், ஆகவே சரியாக இருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். ஒரு ஓட்டையை அடைக்கிற அவசரத்தில் இன்னொரு ஓட்டையைக் காலால் மிதித்துக்கொண்டே நின்றிருக்கிறாள். எரிச்சல் இன்னும் போகவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் இனி போகாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, போர்வையை இழுத்து விட்டுவிட்டு வந்தாள்.

செவ்வாயிலிருந்து கணவன் போனான். முதல் நாள் மாலை, எப்படி இருந்தது என்று அவள் கேட்டதற்கு, இருந்துச்சு என்றான். அணில்தான் விவரம் சொன்னான். அப்பா வந்தார். அப்பாவுக்கு நாற்காலி பத்தவில்லை. அப்பா கதை சொன்னார்.

"என்ன கதை?"

"லிஃப்ட் மேல போச்சு. அப்புறம் கீழ வந்துச்சு."

"அப்புறம்?"

"மறுபடியும் மேல போச்சு."

புதன்கிழமையும் அதே கதை. ஆனால் லிஃப்ட் நாலாம் மாடியில் நின்றுவிட்டது, ஏன் நின்றது என்பதை அப்பா கம்பி, கப்பி, பிரேக் என்று விரிவாக விளக்கினார். அணிலுக்கு அழுகை வந்துவிட்டதாம். கணவனுக்கும் கிட்டத்தட்ட வந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் ஆறு வாய்தான் உள்ளே போனது என்று குறைப்பட்டுக்கொண்டான். வேறு கதை சொல்லக் கூடாதா என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும் என்றான். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் போகிறேன் என்று சொல்லவில்லை. சொல் வாய்வரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு பதினைந்துக்குப் போன் அதிர்ந்தது. பாலர் பள்ளி இல்லை, கணவன். சாணையின் இரைச்சலில் சரியாகக் கேட்காமல் அவள் வெளியே ஓடினாள். அவன் குரல் தாழ்ந்து, கொஞ்சம் அடிபட்டதுபோல் இருந்தது. லிஃப்ட் இரண்டாம் மாடிக்கு வந்தபோது அணில் அவன் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டானாம்.

"என்ன சொன்னான் தெரியுமா? நீங்க பேசாதீங்கப்பா, நானே சாப்பிடுறேன்னுட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "முழுசும் சாப்பிட்டான். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல," என்றான்.

வெள்ளிக்கிழமை கணவன் போய் வாயைத் திறப்பதற்கு முன்பே அணில் பாதி டப்பாவை முடித்திருந்தான். மாதக் கடைசியில் பொறுப்பாளர் அம்மா பழைய விண்ணப்பத்தை எடுத்து, தானே சாப்பிடுமா என்ற கேள்விக்கு எதிரே இருந்த டிக்கின் பக்கத்தில் தேதி போட்டுத் தன் கையெழுத்தையும் போட்டார். நாய், படுக்கை பற்றிய டிக்குகளைத் திருத்த ஒரு புது விண்ணப்பம் கொடுத்தார். கணவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, பாத்தியா என்று அவளைப் பார்த்தான்.

ஆறு வாரம் முடிந்த அன்று பட்டறை முதலாளி அவளைக் கூப்பிட்டார். அடுத்த வருஷத்தின் விடுமுறை அட்டவணையை மேசையில் வைத்து, உனக்கு எந்த வாரம் வேண்டும் என்று பென்சிலை நீட்டினார். அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், அவசரத்தில் ஏதோ ஒரு வாரத்தைக் குறித்துவிட்டு, அன்று முழுக்க அது சரியான வாரம்தானா என்று கவலைப்பட்டாள்.

அன்று மாலை இரண்டு பிள்ளைகளையும் அழைத்து வரப் போனாள். அணில் முன்னால் ஓடினான். வக்கீல் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். மதியம் என்ன செய்தாய் என்று கேட்டாள் தாய். பத்து நாளாகத் தினமும் கேட்கிறாள். வக்கீலும் தினமும் ஒரே பதில்தான் சொல்கிறாள். சாப்பிட நாலு நிமிஷம் ஆச்சு. மீதி நேரம் நின்னேன்.

வாசலில் ஒரு பெண் வழிமறித்தாள். இந்த ஊர்க்காரி. ஒரு கையில் அணில் வயதுப் பையன், மறுபக்கம் வக்கீலின் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. தூக்கம் போதாத கண், ஒரு பக்கம் அவிழ்ந்த தலைமுடி. பையனைக் காட்டி அவள் வேகமாக எதையோ சொன்னாள். பிறகு, புரியவில்லை என்று தெரிந்து, மெதுவாகச் சொன்னாள். இரண்டு வாரமாக இவன் வீட்டில் தன் கையால் சாப்பிடுவதில்லை. வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். கையை இப்படி ஆட்டி எதையோ கேட்கிறான். எங்களுக்குத் தெரிந்த கதையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டோம், அது இல்லை என்கிறான். உங்கள் மகள் என்னதான் சொன்னாள்?

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் சொற்களைத் தேடினாள். அந்தச் சிறுமி அதற்குள் வக்கீலிடம் போய், இரண்டு கையையும் முதலைபோலத் திறந்து மூடி, இதுவா என்று கேட்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். வக்கீல் பையைக் கீழே வைத்தாள். அப்படியில்லை என்று தலையாட்டி, சிறுமியின் கையைப் பிடித்து, கட்டை விரல் எங்கே இருக்க வேண்டும் என்று சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா, சனிக்கிழமை ஒரு நாள் வந்தால் போதும் என்று கேட்டாள் அந்தப் பெண்.

தாய் அதைத் தமிழில் சொன்னாள். வக்கீல் யோசித்தாள். திறந்த வாயோடு நிற்கும் பையனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு நாள்ல எல்லாம் முடியாதும்மா," என்றாள். "ரொம்ப நாள் ஆகும்னு சொல்லு."